பச்சைப் பட்டனில் கட்டிய ரப்பர்

27.2.2012, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். மல்லாட்டைச் செடியில் விழுது இறங்கிக் கடலை பிடிக்கும் சமயம், இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வயலுக்கான கரண்ட் இந்த வாரம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று ஈ.பி.யில் சொன்னார்கள். சனிக்கிழமை வந்தது பதினொன்றரைக்கு. நேற்று வந்தது, போனது, வந்தது, போனது. போன டிசம்பர் புயலில் சாய்ந்த போஸ்டை எல்லாம் நட்டாகிவிட்டது. கரண்டைத்தான் காணோம்.

கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் கேட்கிறார்கள். கடைசி நாள் புதன். யோசித்தவை: “அவசரம் ஒரு நிமிடம், ஆபத்து ஒரு ஆயுள்.” கேட்ட மாதிரி இருக்கிறது. “பூட்டிவிட்டுத் தொடு.” சின்னது, நன்றாக இருக்கிறது. இதையே கொடுக்கலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் கொட்டகை போனேன். கரண்ட் இல்லை. கிணறும் மோட்டாரும் எனக்கும் தங்கை செல்விக்கும் பொது. அப்பா காலத்து பெல்ட் செட். மோட்டார் தனி, பம்பு தனி, நடுவில் பெல்ட். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நின்றுவிடும். திரும்ப வந்தால் யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். நான் ஷிப்டில் இருப்பேன். செல்வி வீட்டுக்காரர் குமார் யார் வீட்டு மோட்டாரையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு இருப்பார். அதனால் பச்சையை அமுக்கி, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டேன். கரண்ட் வந்ததும் தானாக ஓடும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான்.

குமாருக்குப் பிடிக்காது. ஊர் மோட்டார் எல்லாம் அவர் கை பட்டது. வேலைக்குப் போன இடத்தில் ரப்பர் கட்டியிருந்தால் அவிழ்த்து எறிந்து சத்தம் போடுவார். திட்டு வாங்கிக்கொள்ளலாம், பயிர் காய்ந்தால் என்ன செய்வது. வரும் வழியில் சொல்லலாம் என்று போனேன், அவர் வீட்டில் இல்லை. செல்வி குளித்துக்கொண்டிருந்தாள்.

மறக்காமல்: காலையில் குமாரிடம் சொல்ல வேண்டும்.

28.2.2012, செவ்வாய்

சொல்லவில்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போவது வழக்கம். ஒரு மணிக்கு செக்யூரிட்டி ஆள் வந்து சொன்னார். “அண்ணே, உங்க மாப்பிள்ளைக்கு மோட்டார்ல கை மாட்டிக்கிச்சாம். மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாராங்களாம்.” எந்த மோட்டார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

கம்பெனி இருக்கும் செம்மங்குப்பத்திலிருந்து வடக்கே போனால் ஆஸ்பத்திரி, வண்டியில் அரை மணி நேரம். தெற்கே போனால் ஊர், அதுவும் அரை மணி நேரம். கேட்டில் நின்று வண்டியை உதைக்கும்போது வடக்கே போகத்தான் நினைத்தேன். போனது தெற்கே.

கொட்டகையில் ஒருவரும் இல்லை. மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் கீழே கிடந்தது. தரையில் ரத்தம், அதன்மேல் காப்பித்தூள். யாரோ கொட்டி இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தினேன். ரப்பரை அவிழ்க்க வரவில்லை, கத்தியால் அறுத்துக் கிணற்றில் போட்டேன். கை கழுவினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை.

நடந்தது இது. பதினோரு மணி வாக்கில் குமார் தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறார். கரண்ட் இல்லை, பெல்ட் கழன்று கிடந்தது. கரண்ட் வந்தாலும் பட்டனை அமுக்காமல் ஓடாது என்ற தைரியம். குனிந்து பெல்ட்டை ஏற்றியிருக்கிறார். கரண்ட் வந்துவிட்டது.

வலது கை. ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு போய்விட்டது. நடுவிரல் நசுங்கியது, கம்பி வைத்துப் பார்ப்போம் என்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அஞ்சலை ஓடி வந்து காப்பித்தூளை அப்பி, புடவை கிழித்துக் கட்டி இருக்கிறாள். அதைக் கழுவி எடுக்கவே டாக்டருக்கு நெடுநேரம் ஆனதாம். துண்டான விரலை மஞ்சள் துணியில் சுற்றி அப்படியே ஐஸில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெளிறிப்போய் இருந்தது, உதவாது என்றார்களாம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். கம்பெனியில் வருஷம் இரண்டு தடவை இதற்கு வகுப்பு, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

“ஏண்ணே இவ்ளோ நேரம்?” என்றாள் செல்வி.

“கேட் பாஸ் கெடைக்க லேட்டாயிடுச்சிம்மா.”

29.2.2012, புதன்

ஆஸ்பத்திரி. வார்டில் ஃபேன் இல்லாத கட்டில். செல்வி அட்டையால் விசிறுகிறாள், வாயும் ஓயவில்லை.

“மெயின இழுத்து வுட்டுட்டுத் தொடணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு. நீயே சொல்லுண்ணே, ஒங்க கம்பெனியில இப்படித் தொடுவாங்களா?”

தொடமாட்டார்கள் என்றேன்.

குமார் கண்ணை மூடியபடி, “ஸ்டார்ட்டர் ரிப்பேர் போலருக்கு மச்சான். கரண்ட் வந்ததும் அதுவா எடுத்துடுச்சி” என்றார். என்னைப் பார்க்கவில்லை. மருந்து மயக்கமாக இருக்கலாம். பார்க்கப் பிடிக்காமலும் இருக்கலாம்.

டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று மூன்று தடவை கேட்டேன். நர்ஸ் மூன்றாம் தடவை முறைத்தார். போட்டாயிற்று.

வாசகம் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் என் மேஜையில் நான் எழுதி வைத்திருந்த தாளைத் தானே எடுத்துப் போய்விட்டாராம்.

1.3.2012, வியாழன்

வேலைக்குப் போனேன். ஒரு பம்பு பிரிக்கும் வேலை. வழக்கம்போல சுவிட்சை இறக்கி, என் சிவப்புப் பூட்டைப் போட்டு, “ஆள் வேலையில், போடாதே” அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். பதினாறு வருஷமாகச் செய்வது. இன்று சாவி நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு முறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். கூட வேலை செய்பவன் கேலி: “அண்ணனுக்கு வயசாயிடுச்சி.”

கம்பெனி மோட்டாருக்குப் பூட்டு. சொந்த மோட்டாருக்கு சைக்கிள் டியூப். என்னை என்ன சொல்வது. செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் மல்லிகா கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று. வெயில் என்றேன். பெண்டாட்டியிடமும் பொய்.

2.3.2012, வெள்ளி

செல்வி விடவில்லை. ஸ்டார்ட்டர் ரிப்பேர் என்றால் அடுத்து யார் கையாவது போகும் என்று வயர்மேனைக் கூப்பிட்டு வந்துவிட்டாள். நானும் கூட நின்றேன்.

வயர்மேன் பிரித்துப் பார்த்தார். “ஸ்டார்ட்டர் நல்லாத்தாம்மா இருக்குது. இது தானா எடுக்காது.”

அஞ்சலை வேலிப் பக்கமிருந்து, “அன்னிக்கி ஒரு மணிக்குக்கூட மோட்டார் ஆளில்லாம ஓடிக்கினு இருந்துச்சே. கரண்ட்டு போயிட்டு வந்தா இது மறுபடி தானா ஓடுது. பயந்துகினு நான் போர்டுகிட்டயே போவல” என்றாள்.

“அப்ப பட்டனக் கட்டிதான் இருக்காங்க” என்று வயர்மேன் பெட்டியை மூடினார்.

யார் கட்டியது என்று செல்வி என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. தெரியவில்லை. நேரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குமாரைக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் வந்து சொன்னாள்:

“அவரேதாண்ணே கட்டி இருக்காரு! ‘நான்தான் கட்டுனேன், மறந்துட்டேன்’னு சொல்றாரு. தானே கட்டிட்டு தானே கைய வுட்டிருக்காரு, இந்தக் கூத்த எங்க போயி சொல்றது?”

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? முன்னொரு தடவை தான் கட்டியதாக நினைப்பா? அவர் கட்டுகிறவரே இல்லை. அப்படியானால் தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

4.3.2012, ஞாயிறு

மேகமூட்டம், புழுக்கம். வீட்டில் இருக்க முடியவில்லை. ஊரைச் சுற்றினேன். கம்பெனியில் ‘நடந்திருக்கக்கூடிய விபத்து’ என்று ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் வயலில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

பார்த்தவை:
- டிராக்டருக்கும் உளுந்து அடிக்கும் மெஷினுக்கும் நடுவில் சுற்றும் ராடை ஒருத்தி தாண்டிப் போகிறாள். புடவைத் தலைப்பு தொங்குகிறது. சொருகிக்கொள்ளம்மா என்றேன், ஒரு மாதிரி பார்த்தாள்.
- மருந்து அடிப்பவர் காற்றுக்கு எதிர்முகமாக. வாயில் பீடி. முகத்தில் துண்டுகூட இல்லை.
- கதிர் அரிவாளை வெறுமனே இடுப்பில் செருகி சைக்கிள் மிதிக்கிறவர்.
- வரப்பில் உடைந்த பிராந்தி பாட்டில். பொறுக்கிப் பையில் போட்டேன். பதினொரு துண்டு. களத்தில் செருப்போடு இறங்கமாட்டார்கள், பாட்டிலை மட்டும் உடைத்துப் போடுவார்கள்.
- என் மம்மட்டி. காம்பு ஆடுகிறது. ஆப்பு அடித்தேன்.
- ஊர் மோட்டார் கொட்டகைகள் ஒன்பதில் எட்டிப் பார்த்தேன். ஐந்தில் ரப்பர். ஒன்றில் விறகுக்குச்சி முட்டுக்கொடுத்து.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அட்டை ஒன்று வெட்டி “ஆள் வேலையில், போடாதே” என்று எழுதி நம் கொட்டகை மெயினில் கட்டினேன். ஒரு சின்னப் பூட்டும் மாட்டினேன், சாவி இரண்டு. விரல் போன பிறகு பூட்டு.

5.3.2012, திங்கள்

என் வாசகத்துக்கு முதல் பரிசு. “பூட்டிவிட்டுத் தொடு.” மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய ஹாட்பாக்ஸ். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார் சூப்பர்வைசர். மைக்கைப் பிடித்தேன். “எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க” என்று சொல்லி இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள்.

மல்லிகா ஹாட்பாக்ஸைப் பார்த்ததும், “நல்லதாப் போச்சி, செல்விக்குக் குடுங்க, ஆஸ்பத்திரிக்கு சோறு கொண்டுபோவ ஆவும்” என்றாள். கொடுத்தேன்.

6.3.2012, செவ்வாய்

லீவு போட்டேன். செல்வி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனாள். நானும் குமாரும் மட்டும். நாளைக்கு அனுப்புகிறார்களாம். சட்டை பட்டன் போட்டுவிட்டேன். மூன்றாவது பட்டனில் கேட்டேன்.

“மாப்ள, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உள்ள போனப்ப போர்டப் பாக்கல மச்சான். கை மாட்டி நிமிந்தேன் பாருங்க, அப்பதான் எதிர்ல ரப்பரு தெரிஞ்சிது. ரெண்டு சுத்து சுத்தி நுனிய உள்ள சொருவி இருந்துச்சி. ஒங்க கட்டு அது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்றும் தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. காலையில் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது, இன்றைக்கே செல்வியிடம் சொல்லிவிடுகிறேன் என்று உளறினேன்.

“வேணாம். அவளுக்கு அப்பன் ஆத்தா இல்ல, நீங்க ஒருத்தருதான். என்னையத் திட்டுனா பத்து நாள், அப்புறம் மறந்துடுவா. ஒங்களத் திட்ட ஆரம்பிச்சா அது வேற. வுடுங்க.”

பிறகு, “நல்ல வேள, அஞ்சலக்கா ரப்பர அவுத்துப் போட்டுடுச்சிபோல. பயந்துட்டு சொல்லமாட்டேங்குது. இல்லன்னா வயர்மேன் அன்னிக்கே பாத்திருப்பாரு” என்றார்.

மீதிப் பட்டனைப் போட்டேன்.

வெளியே வந்து டீ குடித்தேன். உண்மையை எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது. எட்டு நாளுக்குப் பிறகு டீ ருசித்தது. அதை நினைத்தால்தான் இப்போது கேவலமாக இருக்கிறது.

9.3.2012, வெள்ளி

குமார் வீடு வந்து இரண்டு நாள். வருகிறவர்களுக்கு எல்லாம் செல்வி கதை சொல்கிறாள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டி. “தானே கட்டுனாரு, தானே மறந்தாரு.” அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சோறு. பாதி மடியில்.

டீக்கடையில் காதில் விழுந்தது: “நம்ம மோட்டார்ல ரப்பரப் பாத்தா தாம்தூம்னு குதிப்பான். அவன் ஊட்டு மோட்டார்ல அவனே கட்டி வெச்சிருக்கான்.” “இனிமே எவன் கூப்புடுவான்.”

எதிரே நான் டீ கிளாஸோடு. அவர்களுக்கு நான் பாதிக்கப்பட்ட வீட்டு ஆள். ஒருவர் எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்.

கை ஆறிவிடும். நடுவிரல் மடங்கும் என்கிறார் டாக்டர். இடது கையாலும், ஒரு ஆளை வைத்துக்கொண்டும் அவர் மோட்டார் வேலை பார்த்துவிடுவார், அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆனால் கூப்பிட வேண்டுமே. பத்து நாளில் செல்வி மறப்பாள் என்றார். ஊர் மறக்குமா? விரல் போனது என்னால். பெயரும் என்னால்தான் போகிறது. அவராகத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது.

மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். கட்டினது வரைக்கும். “ஞாயித்துக்கெழம செல்வி ஊட்ல சாப்புடக் கூப்ட்டிருக்கா. அங்க சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்” என்றாள்.

11.3.2012, ஞாயிறு

காலையில் கரண்ட் ஒழுங்காக வந்தது. பூட்டைத் திறந்து, மெயினைப் போட்டு, பச்சையை விரலால் அமுக்கி, மூன்று மணி நேரம் கொட்டகையிலேயே உட்கார்ந்து பாய்ச்சினேன். மல்லாட்டை தேறிவிடும்.

பகல் செல்வி வீடு. கோழிக்குழம்பு. குமாருக்கு அவளே பிசைந்து கொடுத்தாள். எப்போது ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலத்தெரு கோவிந்தன் வந்தார். அவர் போர்வெல்லிலிருந்து மோட்டார் தூக்கும் வேலையை இந்த மாதம் குமாருக்குத்தான் பேசி வைத்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

“வேற ஆளுகிட்ட சொல்லிட்டேன் குமாரு. தப்பா நெனச்சிக்காத. ஒன் கையையே பாத்துக்கத் தெரியல, நாலு பேர கூட்டியாந்து என் போர்ல நிக்க வெச்சா நான் பயந்துகினே இருக்கணும்.”

“நல்லாக் கேளுங்க மாமா” என்றாள் செல்வி.

குமார் வழக்கம்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

“கட்டினது நான்” என்றேன். சத்தமாக வந்துவிட்டது. “முந்தின நாள் சாயங்காலம் நான்தான் கட்டினேன். அவருகிட்ட சொல்லல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க வேலைய அவருக்கே குடுங்க, ஊர்லயும் சொல்லுங்க.”

கோவிந்தன் என்னைப் பார்த்தார், குமாரைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். “சரி, அப்புறம் பேசுவோம்.” போய்விட்டார்.

“ஒங்கள யாரு மச்சான் கேட்டது?” குமார் என்மேல் கோபப்பட்டு இன்றுதான் பார்க்கிறேன்.

செல்வி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். புருஷனிடம், “ஒனக்குத் தெரியுமா?” என்றாள். அவர் தலையாட்டினார். பன்னிரண்டு நாளாக அவரைத் திட்டியது எல்லாம் அவள் முகத்தில் ஓடியது. அவர் தோளில் பட்டிருந்த பருக்கையை எடுத்துப் போட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கட்டுனது நீ. அவுத்தது யாரு?”

தட்டிலிருந்த வெங்காயத்தை மறுபடி ஒதுக்கினேன்.

“அஞ்சலக்கா கிட்டவே போவல. வயர்மேன் வந்தப்ப ரப்பரு இல்ல.” ஒவ்வொன்றாகச் சொன்னாள், எனக்கு அல்ல, தனக்கே. “ஒரு மணிக்கு ஒனக்கு சேதி சொன்னாங்க. அரை மணி நேரத்துல வந்திருக்கலாம். மூணரைக்கு வந்த. நான் ஒண்டியா அவரு கையப் புடிச்சிக்கினு வாசலப் பாத்துக்கினே இருந்தேன். மொதல்ல எங்கண்ணே போன?”

“மோட்டார் கொட்டாய்க்கு.”

குமார் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். கட்டினதுதான் அவருக்குத் தெரியும். இது தெரியாது.